மீதியில் கால் பங்கு: பின்னாலிருந்து போடும்போது எங்கே தப்புகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ஒரு கணக்கு. ஒருவர் தன் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு முதுநகரில் மீன் வாங்கினார். மீதியில் கால் பங்குக்குக் காய்கறி வாங்கினார். பஸ்ஸுக்கு 30 ரூபாய் கொடுத்தார். கையில் 270 ரூபாய் மிஞ்சியது. முதலில் எவ்வளவு இருந்தது? பின்னாலிருந்து போடச் சொன்னேன். 500 என்கிறான். விடை 600 என்று போட்டிருக்கிறது. எங்கே தப்பு?"

உங்கள் மகன் தொடங்கிய வழி சரிதான். 270உடன் பஸ் காசு 30ஐச் சேர்த்து 300 என்று வந்திருப்பான், அதுவும் சரி. அப்புறம்தான் இடறல். கால் பங்கு செலவானதால் 300இல் கால் பங்கான 75ஐத் திரும்பச் சேர்த்து 375 ஆக்கியிருக்கிறான். அதில் மூன்றில் ஒரு பங்கு 125ஐயும் சேர்த்ததால் 500.

காய்கறிக்குப் போன கால் பங்கு இந்த 300இன் கால் பங்கு அல்ல; வாங்குவதற்கு முன் கையில் இருந்த தொகையின் கால் பங்கு. அந்தத் தொகை நமக்கு இன்னும் தெரியாது. தெரிந்தது, அதில் முக்கால் பங்குதான் மிஞ்சியது என்பது. முக்கால் 300 என்றால் கால் 100, முழுசு 400. மீன் கணக்கும் அப்படியே: மூன்றில் இரண்டு பங்கு 400, ஒரு பங்கு 200, முழுசு 600.

ஆகவே பிள்ளையிடம் "எவ்வளவு போச்சு?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு பங்கு மிஞ்சியது?" என்று கேளுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு நீளக் கட்டம் வரைந்து, பங்கு பிரித்து, செலவானதை அடித்துவிடச் சொல்லுங்கள். மிஞ்சிய பங்குகள் கண்ணுக்குத் தெரியும். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இதையே நான் விரும்புகிறேன்.

விடை வந்ததும் முன்னாலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். 600இல் மீனுக்கு 200, மீதி 400. காய்கறிக்கு 100, மீதி 300. பஸ்ஸுக்கு 30, மிச்சம் 270. அவனுடைய 500ஐ ஓட்டினால் 220தான் மிஞ்சும். தப்பை அவனே கண்டுபிடித்திருப்பான்.

'மீதியில்' என்ற சொல்லின் அடியில் கோடு போடும் பழக்கமும் வேண்டும். அதே கணக்கில் 'மொத்தத்தில் கால் பங்கு' என்றிருந்தால் மூன்றில் ஒன்றையும் காலையும் நேராகக் கூட்டலாம்: பன்னிரண்டில் ஏழு. மிஞ்சிய ஐந்து பங்கு 300, ஒரு பங்கு 60, விடை 720.

அடுத்து வரும் சிக்கல் வரிசை. "பாதியும் மேலும் 20 ரூபாயும் கொடுத்தான், 80 மிச்சம்" என்றால் கடைசியில் போன 20 முதலில் திரும்ப வேண்டும்: 80உடன் 20 சேர்த்து 100, இரட்டித்தால் 200. முதலில் இரட்டித்துவிட்டு 20ஐச் சேர்த்தால் 180 என்று தவறாக வரும். பெருக்கியதை வகுக்கவும் கூட்டியதைக் கழிக்கவும் சொல்லும் இந்தத் தலைகீழ் முறையை ஆரியபட்டர் கி.பி. 499லேயே எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கணக்கின் மேல் ஒரு மரியாதை வரும்.

எல்லாவற்றுக்கும் இந்த வழி பொருந்தாது. கடைசி மிச்சத்தைச் சொல்லாமல், "மீன் செலவு காய்கறிச் செலவைவிட 100 ரூபாய் அதிகம்" என்று மட்டும் சொன்னால் பின்னாலிருந்து தொடங்க இடமே இல்லை. அங்கே மொத்தத்தை 6 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். மீனுக்கு 2 பங்கு, மீதி 4இல் கால் பங்கான 1 காய்கறிக்கு. வித்தியாசம் 1 பங்கு, அது 100. மொத்தம் 600.

பயிற்சிக்குப் பழைய பூக்கணக்கு ஒன்றைக் கொடுங்கள். ஒருவர் பூக்களைக் குளத்தில் நனைத்தால் இரட்டிக்கும். நனைத்து ஒரு கோயிலில் 8 பூ வைக்கிறார். இப்படியே மூன்று கோயில். கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. கொண்டுவந்தது எத்தனை? விடை 7. சுழியத்திலிருந்து அவனே பின்னோக்கி வரட்டும்.