செப்பு அண்டா, விறகுத் தீ, லெத்திவா சீஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்து மலைக்கிராமம் லெத்திவா. அங்கேயும் சுற்றுப்புறத்திலும் சுமார் 70 குடும்பங்கள் கோடையில் மாடுகளோடு மலையேறி, 1000 முதல் 2000 மீட்டர் உயரத்தில் மரக்குடில்களில் தங்கி, தங்கள் மாட்டுப் பாலில் தாங்களே சீஸ் செய்கின்றன. மே 10 முதல் அக்டோபர் 10 வரை செய்தது மட்டுமே லெத்திவா என்ற பெயரில் விற்பனைக்கு வரும். இதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

பனீருக்கும் பாலைத் திரிக்கிறோம், சீஸுக்கும் திரிக்கிறார்கள். பனீர் சில நாளில் கெட்டுப்போகிறது, இது வருடக்கணக்கில் நிற்கிறதே, எப்படி? (பால் உற்பத்தியாளர், திருவண்ணாமலை)

நீரும் பாலின் சர்க்கரையும்தான் காரணம். பனீரில் பாதிக்கு மேல் நீர். லெத்திவா போன்ற கெட்டி வகையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அதோடு, செய்த மறுநாளுக்குள் பாலின் சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடுகின்றன. கெடுக்க வரும் கிருமிக்கு இரை மிச்சமில்லை.

மாலையில் கறந்த பாலை அகலமான பாத்திரங்களில் ஊற்றிக் குளிர்ந்த அறையில் இரவு முழுக்க வைக்கிறார்கள். காலையில் மேலே மிதக்கும் பாலேட்டில் ஒரு பகுதியை வழித்தெடுத்துவிட்டு, அப்போது கறந்த பாலோடு சேர்த்துச் செப்பு அண்டாவில் ஊற்றுகிறார்கள். காய்ச்சுவதில்லை. முந்தின நாள் சீஸ் எடுத்தபின் மிஞ்சிய தெளிநீரைப் புளிக்க வைத்துப் பிரையாகச் சேர்ப்பது பழைய வழக்கம். பால் 32 டிகிரிக்கு வந்ததும், பாலை உறைய வைக்கும் நொதியான ரென்னட்டை ஊற்றினால் அரை மணி முதல் முக்கால் மணிக்குள் உறையும். விரலைச் சாய்வாக நுழைத்து மெல்லத் தூக்கும்போது பிளவு சுத்தமாக விழுந்து, அதில் தெளிவான பச்சை மஞ்சள் நீர் ஊறினால் வெட்டலாம். நீர் வெள்ளையாக இருந்தால் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் கொழுப்பும் புரதமும் நீரோடு போய்விடும்.

கம்பி கோத்த சட்டத்தால் கோதுமை மணி அளவுக்கு வெட்டுகிறார்கள். ஒரே அளவாக வெட்டுவதில்தான் கைப்பழக்கம் தெரியும். பெரிய மணி உள்ளே நீரைத் தேக்கிக்கொள்ளும், தூளானது தெளிநீரோடு வீணாகும். பிறகு கிளறிக்கொண்டே முக்கால் மணி நேரத்தில் 57 டிகிரிக்கு ஏற்றுகிறார்கள். அதிகம் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். சூடு சட்டென்று ஏறினால் ஒவ்வொரு மணியையும் சுற்றித் தோல் கட்டிவிடும். வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே நீர் சிறைப்பட்டிருக்கும். அந்த நீரிலுள்ள சர்க்கரை பிற்பாடு புளித்து, சீஸ் புளிப்பாகவும் நொறுங்கலாகவும் ஆகும், சில சமயம் நடுவே பிளக்கும். வெப்பமானி இருந்தாலும் கடைசித் தீர்ப்பு கைக்குத்தான். ஒரு பிடி மணிகளை அள்ளி அழுத்தினால் உருண்டையாக ஒட்ட வேண்டும், கட்டைவிரலால் தேய்த்தால் உடனே உதிர வேண்டும். ஒட்டி அப்படியே நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது.

அண்டாவிலிருந்து எடுப்பது தனி வித்தை. லினன் துணியின் ஓரத்தை வளையும் உலோகப் பட்டையில் சுற்றி, எதிர் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, அண்டாவின் அடிவளைவை ஒட்டிப் பட்டையை வழித்துக்கொண்டு போவார்கள். அடியில் படிந்த மணி முழுவதும் ஒரே அள்ளலில் துணிக்குள் வந்துவிடும். அதை வட்ட அச்சில் இட்டு 20 மணி நேரம் வரை அழுத்துகிறார்கள், இடையிடையே துணி மாற்றித் திருப்புகிறார்கள். அந்த நேரத்தில் உட்சூடு மெதுவாகத்தான் இறங்க வேண்டும். நுண்ணுயிர்கள் மிச்சச் சர்க்கரையைத் தின்று முடிப்பது அந்த வெதுவெதுப்பில்தான். இரவுக் குளிரில் அச்சின் ஓரம் விறைத்துவிட்டால் ஓரத்தில் சர்க்கரை தங்கும், கோளாறு அங்கே தொடங்கும்.

ஒரு கிலோவுக்கு 10 முதல் 12 லிட்டர் பால் தேவை. 25 கிலோ வட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 275 லிட்டர்.

செம்புப் பாத்திரத்தில் பால், தயிர் வைத்தால் களிம்பு ஏறும் என்று ஈயம் பூசுவோம். அவர்கள் வெறும் செம்பில் செய்கிறார்களே? (குடும்பத்தலைவி, கும்பகோணம்)

சரியான கேள்வி. களிம்பு ஏறுவது புளிப்பினால். அண்டாவில் இருக்கும் சில மணி நேரமும் அந்தப் பால் பெரிதாகப் புளித்திருக்காது. புளிப்பு ஏறும் வேலை அச்சுக்குப் போன பிறகுதான் நடக்கிறது. தெளிநீரையும் அண்டாவிலேயே விட்டுவைக்காமல் இறைத்து, அன்றைக்கன்றே உட்புறத்தைப் பளபளவென்று தேய்த்துவிடுவார்கள். தயிரை நாள் முழுக்கச் செம்பில் வைப்பது வேறு விஷயம், அதற்கு நம் பாட்டிமார் சொன்னதே சரி.

செம்பால் இரண்டு லாபம். சூடு அடியெங்கும் சீராகப் பரவுகிறது. பாலில் இறங்கும் இம்மியளவு செம்பு, பின்னால் சீஸை ஊதவைக்கும் சில கிருமிகளைத் தடுக்கிறது. விறகுத் தீயைச் சட்டென்று தணிக்க முடியாது என்பதால் அண்டாவைச் சுழலும் மரக்கையில் தொங்கவிட்டிருப்பார்கள். சூடு போதுமென்றால் அண்டாவையே தீயைவிட்டு நகர்த்திவிடலாம். விறகடுப்பு அங்கே விதிப்படியே கட்டாயம்.

எங்கள் பண்ணையில் மாடுகளுக்கு ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் புளிக்க வைத்த பசுந்தீவனம்) போடுகிறோம். அந்தப் பாலில் இதைச் செய்யலாமா? (நாமக்கல் வாசகர்)

கெட்டி சீஸுக்கு வேண்டாம். லெத்திவா விதிகளும் அதை அனுமதிப்பதில்லை. ஊறுகாய்ப்புல்லில் பியூட்டிரிக் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமியின் வித்துகள் பெருகும். சாணம் வழியாக மடிக்கும், மடியிலிருந்து பாலுக்கும் வரும். அந்த வித்துகள் 57 டிகிரியில் மட்டுமல்ல, பாஸ்சுரைஸ் செய்தாலும் சாவதில்லை. முதலில் எதுவும் தெரியாது. சில வாரங்களோ மாதங்களோ கழித்து உள்ளே வாயு கட்டி, வட்டு பந்துபோல உப்பி வெடித்து, அழுகிய வெண்ணெய் நாற்றம் அடிக்கும். அத்தனை நாள் உழைப்பும் வீண். பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும் போட்ட மாட்டின் பால்தான் வேண்டும். கறக்குமுன் மடியையும் காம்பையும் துடைத்து உலர்த்துவது அதைவிட முக்கியம்.

ரென்னட் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பதாமே. சைவர்கள் சாப்பிடலாமா? (மயிலாப்பூர் வாசகர்)

லெத்திவா சைவம் அல்ல. பால்குடிக் கன்றின் நான்காவது இரைப்பையில் உள்ள நொதிதான் ரென்னட். சைவர்களுக்காகப் பூஞ்சையிலிருந்து எடுக்கும் ரென்னட் கடைகளில் கிடைக்கிறது. போர்ச்சுகலின் செர்ரா த எஸ்ட்ரேலா மலைக் குடும்பங்கள் ஒருவகை முட்செடிப் பூவின் இழைகளை ஊறவைத்து ஆட்டுப்பாலை (செம்மறி) உறைய வைக்கின்றன, மிருதுவான அந்த வகைக்கு அது நன்றாகவே பொருந்தும். மாதக்கணக்கில் முதிரும் பசும்பால் சீஸில் அந்த நொதி கசப்பை உண்டாக்கும்.

கட்டுரையோடு வந்த படத்தில் சீஸில் ஓட்டையே இல்லையே? (மதுரை மாணவி)

லெத்திவாவில் ஓட்டை மிகச் சிறிதாக, அபூர்வமாக இருக்கும், பெரும்பாலும் இருக்காது. பெரிய ஓட்டைக்குப் பேர்போனது எமென்டால் என்ற வேறொரு சுவிஸ் சீஸ்.

மலையிலிருந்து இறங்கிய பிறகு என்ன செய்கிறார்கள்? கூட்டுறவு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். (ஈரோடு வாசகர்)

1930களில் அரசு ஆதரவோடு இயங்கிய கிரூயேர் சீஸ் திட்டத்தின் விதிகள் தரத்தைத் தளர்த்துகின்றன என்று கருதிய குடும்பங்கள் அதிலிருந்து விலகி, 1932-இல் சொந்தக் கூட்டுறவைத் தொடங்கின. 1934-இல் கிராமத்தில் நிலவறை கட்டினார்கள். இன்றும் குடிலில் செய்த வட்டுகள் ஏழு நாளுக்குள் அங்கே வந்துவிட வேண்டும். மரப்பலகைமேல் அடுக்கி, உப்புநீர் தேய்த்துத் திருப்பித் திருப்பி வைத்துக் குறைந்தது 135 நாள் முதிர விடுகிறார்கள். நல்ல வட்டுகள் சிலவற்றை எண்ணெய் தடவி, உலர்ந்த பரணில் நிறுத்திவைத்து 30 மாதம்வரை காயவிட்டு, இழைப்புளி போன்ற கருவியால் சுருள் சுருளாகச் சீவித் தின்பதும் உண்டு. ஒவ்வொரு குடிலின் புல்லும் கையும் வேறு, அதனால் ருசியும் வேறு. அதை ஒரே மாதிரியாக்க அவர்கள் முயலவில்லை, எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஊட்டியில் குளிர்தான். வீட்டில் 5 லிட்டர் பாலில் செய்து பார்க்கலாமா? (ஊட்டி வாசகி)

இந்த வகையை வேண்டாம் என்போம். 5 லிட்டரில் அரைக் கிலோதான் கிடைக்கும். அவ்வளவு சின்ன வட்டு அச்சில் சீக்கிரம் ஆறிவிடும், முதிரும் முன்பே காய்ந்து பிளக்கும். சில வாரங்களில் சாப்பிட்டுவிடக்கூடிய மிருதுவான வகையில் தொடங்குங்கள்.

பச்சைப் பாலில் இறங்காதீர்கள், மாட்டுக்குப் புரூசெல்லா நோய் இருந்தால் அது பால் வழியே உங்களுக்கும் வரும். பாஸ்சுரைஸ் செய்த பால் போதும். நீளநாள் கெடாத டப்பாப் பாலும் கொதிக்கக் காய்ச்சிய பாலும் ரென்னட்டுக்குச் சரியாக உறையாது, மிகுந்த சூட்டில் தெளிநீர்ப் புரதம், உறைய வேண்டிய பால் புரதமான கேசினோடு ஒட்டிக்கொள்வதே காரணம். பாக்கெட் பால் தளர்வாக உறைந்தால் 5 லிட்டருக்கு 1 கிராம் வரை, உணவுத்தரக் கால்சியம் குளோரைடைத் தண்ணீரில் கரைத்து ரென்னட்டுக்கு முன் சேருங்கள். ரென்னட்டைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைத்தால் வீரியம் போய்விடும், காய்ச்சி ஆறிய நீரில் கரையுங்கள். பக்கத்து வீட்டுப் பாலை வாங்கி நீங்களே பாஸ்சுரைஸ் செய்வதானால், அந்த மாட்டுக்கு மடிநோய் ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாலில் ஆன்டிபயாடிக் கொஞ்சம் இருந்தாலும் பிரை செத்துவிடும். ரென்னட்டால் பால் உறைந்துவிடும், ஆனால் எவ்வளவு நேரம் வைத்தாலும் புளிப்பு ஏறாது.