ஆர்மோனியத்தை நிறுத்திய சபையும் உங்கள் அப்பாவும்

சகோதரரே, உங்கள் வியாசர்பாடி சபை புதிய ஏற்பாட்டில் இசைக்கருவி இல்லை என்று ஆர்மோனியத்தை நிறுத்தியதையும், அதை வாசித்துவந்த அப்பா ஞாயிறு ஆராதனைக்கே வருவதில்லை என்பதையும் படித்தேன். மனம் கனத்தது.

சபையின் வாதத்தைத் தள்ளிவிடாதீர்கள். எபேசியர் 5:19, கொலோசெயர் 3:16 இரண்டும் பாடுவதைத்தான் சொல்கின்றன. 1520களில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் திருச்சபைச் சீர்திருத்தவாதி சுவிங்லி ஆராதனையிலிருந்து இசையை நீக்கினார். அவரே பல கருவிகள் வாசித்தவர். ஆனால் வசனம் சொல்லாததெல்லாம் தடையா? வெளிப்படுத்தல் 5:8-இல் பரலோக மூப்பர்கள் கையில் சுரமண்டலம் என்ற நரம்புக்கருவி இருக்கிறதே! இன்னொன்றையும் உங்கள் சபை மூப்பரிடம் பணிவாகக் கேளுங்கள்: ரோமர் 16:16-இன் பரிசுத்த முத்தத்தையும் யோவான் 13:14-இன் கால் கழுவுதலையும் கடைப்பிடிக்கிறோமா? இவை வெளிப்படையாகவே எழுதப்பட்டவை. காசிமேட்டில் ஒரு சிறு சபையில் கால் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். அலுமினியத் தாம்பாளத்தில் தண்ணீர். கடலுக்குப் போகும் பெரியவரின் வெடித்த குதிகாலை ஓர் இளைஞன் துண்டால் மெல்லத் துடைத்தான். அந்தப் பெரியவர் அழுதுவிட்டார்.

போஜனத்தால் சகோதரனுக்கு விசனம் உண்டாக்காதே என்கிறது ரோமர் 14:15. அப்பாவின் விசனமும் அதில் அடங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கருவி இல்லாமல் பாடும் சபைக்குச் சுருதி எடுத்துக்கொடுக்க ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் சரணத்திலேயே ஆளுக்கொரு பக்கம் போய்விடும். அந்தப் பொறுப்பை அப்பாவுக்குக் கொடுக்கும்படி மூப்பரிடம் கேளுங்கள். வரும் ஞாயிறுக்கு முன்பே, அப்பாவை உடன் வைத்துக்கொண்டு.