விருது வாங்கும் பத்திரிகை ஓவியங்கள் இவ்வளவு எளிமையாக இருக்கின்றனவே, அவற்றில் அப்படி என்ன வேலை இருக்கிறது?

"இதை நானே வரைந்திருப்பேனே" என்ற தொனி கேள்விக்குள் கேட்கிறது. கேட்டவர் நன்றாக வரையக்கூடியவர், இப்போதுதான் பத்திரிகைகளுக்குப் படம் அனுப்பத் தொடங்கியிருப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வரைவீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் வேலையின் பெரும்பகுதி ரஃப் (யோசனையை மட்டும் காட்டும் முதல் கிறுக்கல்) கட்டத்திலேயே முடிந்துவிடும். அச்சில் நீங்கள் பார்ப்பது அதன் மிச்சம்தான்.

பத்திரிகையில் படங்களுக்குப் பொறுப்பான ஆர்ட் டைரக்டரிடமிருந்து வருபவை இவை: கட்டுரை (பல சமயம் பாதி எழுதியது, சில சமயம் நாலு வரிச் சுருக்கம் மட்டும்), படத்தின் அகல உயரம், வண்ணமா கறுப்பு வெள்ளையா, ரஃப் எப்போது, பைனல் (முடித்த படம்) எப்போது. நாளிதழின் கருத்துப் பக்கம் என்றால் காலையில் வந்த வேலை மாலையில் போயாக வேண்டும். இதழ் என்றால் ஒரு வாரம் போலக் கிடைக்கும். அகல உயரத்தைக் கேட்காமல் யோசிக்கவே தொடங்காதீர்கள். நெட்டுக்குத்தான மூன்று அங்குலப் பட்டைக்கும் இரட்டைப் பக்கத்துக்கும் ஒரே யோசனை பொருந்தாது.

கட்டுரையைப் படிக்கும்போது தலைப்பொருளை விட்டுவிட்டு வாதத்தைத் தேட வேண்டும். உதாரணமாக, வங்கிச் சேவைகள் கைபேசிக்குப் போனதால் முதியவர்கள் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்று ஒரு கட்டுரை. முதலில் தோன்றுவது, குழப்பத்தோடு கைபேசியைப் பார்க்கும் தாத்தா. இது தலைப்பொருளை மட்டும் சொல்கிறது. அடுத்தது, திரையில் ஒரு பூட்டு. இது எல்லோருக்கும் தோன்றும். காகிதத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒரு பக்கம் பொருள்களை எழுதுங்கள்: கைபேசி, ரகசிய எண், கவுன்ட்டர், வரிசை. மறுபக்கம் உணர்வையும் செயலையும்: ஏற முடியாமை, கதவடைப்பு, அவசரம், கூச்சம். இரண்டையும் குறுக்கே கோத்துப் பாருங்கள். ஓடிபி கேட்கும் ஆறு கட்டங்கள் ஆறு படிக்கட்டுகளாகின்றன, ஒவ்வொன்றும் முன்னதைவிட உயரம். அடியில் கைத்தடியோடு ஒருவர். எழுத்து எதுவும் வேண்டாம், முகபாவமும் வேண்டாம். "எளிமை" என்று நீங்கள் சொல்வது இங்கேதான் உருவாகிறது. (இதைவிட நல்ல யோசனை உங்களுக்குத் தோன்றினால் மகிழ்ச்சி. இது உதாரணம் மட்டுமே.)

ரஃப்களை நாலைந்து சென்டிமீட்டர் அகலக் கட்டங்களில், தடித்த பேனாவால் போடுங்கள். மெல்லிய பென்சில் கையில் இருந்தால் விரல் நகம் வரை வரையத் தோன்றும், யோசனை நின்றுவிடும். பத்துப் பதினைந்து போட்டு மூன்றை அனுப்பினால் போதும். உங்களுக்கே பிடிக்காத ஒன்றை எண்ணிக்கைக்காகச் சேர்த்து அனுப்பாதீர்கள். பெரும்பாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ரஃபோடு விளக்கம் எழுத வேண்டியிருந்தால் அந்த ரஃப் தேறவில்லை என்று பொருள்.

தேர்வானதை மூன்று சென்டிமீட்டருக்குச் சுருக்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் விஷயம் புரிய வேண்டும், ஏனென்றால் இணையப் பதிப்பில் பலர் பார்க்கப்போவது சதுரமாக வெட்டிய அந்தச் சின்னப் படத்தைத்தான். மையக் கருத்தை ஓரத்தில் வைத்தால் வெட்டில் போய்விடும்.

அடுத்தது அச்சு. நல்ல ஓவியர்கள் பலர் சறுக்குவது இங்கே. 20 சென்டிமீட்டர் அகலப் படம் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2362 பிக்சல். பக்க விளிம்புவரை போவதென்றால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (தாளை வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்து 2433. சின்னதாக வரைந்துவிட்டுப் பைனலின்போது பெரிதாக்கிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் கோடு மங்கும். இரட்டைப் பக்கமாக இருந்தால் நடு மடிப்பின் இருபுறமும் ஒரு சென்டிமீட்டராவது சும்மா விடுங்கள், முகமோ கையோ அங்கே விழுந்தால் பைண்டிங் விழுங்கிவிடும்.

நாளிதழ்த் தாள் இன்னும் கறாரானது. மை பரவும். திரையில் 50 சதவீதமாக இருக்கும் சாம்பல், தாளில் 75-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஆகவே நடுத்தர நிறங்களைக் கண்ணுக்கு வெளிறித் தெரியும் அளவுக்கு இளக்கித்தான் அனுப்ப வேண்டும். சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு அச்சு மைகளின் மொத்தம் (ஒவ்வொன்றும் 100 வரை போகலாம்) நாளிதழில் பொதுவாக 240 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆர்ஜிபி (திரையின் நிற முறை) கறுப்பை அப்படியே இந்த மைகளுக்கு மாற்றினால் ஃபோட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பு அதே வரிசையில் தருவது 75, 68, 67, 90. கூட்டிப் பாருங்கள், 300. மை காயாமல் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். மெல்லிய கோடுகளைக் கறுப்பு மையில் மட்டும் வையுங்கள். நாலு நிறத்திலும் கோடு இருந்தால், பிளேட் (அச்சுத் தகடு) ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அது இரட்டையாகத் தெரியும். கறுப்புக்குள் வெள்ளைக் கோடு விடுவதென்றால் ஒரு பாயின்ட்டுக்குக் குறையாமல் விடுங்கள், இல்லாவிட்டால் மை அடைத்துவிடும். பளிச்சென்ற நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கேயில், அதாவது அந்த நாலு மையில், இறந்துவிடும். அவற்றை நம்பி யோசனையைக் கட்ட வேண்டாம்.

"இதெல்லாம் அச்சகத்துக்காரன் வேலை, கலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று பின்னூட்டம் வரும், தெரியும். 2001 செப்டம்பர் 24 தேதியிட்ட நியூயார்க்கர் என்ற அமெரிக்க இதழின் அட்டையைப் பாருங்கள். ஆர்ட் ஸ்பீகல்மனும் பிரான்ஸ்வா மூலியும் செய்தது. கறுப்புப் பின்னணியில் கறுப்பாகவே, செப்டம்பர் 11 தாக்குதலில் விழுந்த இரட்டைக் கோபுரங்கள். நாலு நிற மையில் அச்சான கறுப்பின் மேல் ஐந்தாவதாக ஒரு கறுப்பு மை, அதன் மேல் வார்னிஷ் என்ற நிறமில்லாத பூச்சு. சாய்த்துப் பிடித்தால்தான் கோபுரங்கள் தெரியும். அந்த அட்டையில் அச்சு நுட்பத்தைக் கழித்தால் யோசனையே இல்லை.

பைனல் போன பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பைப் பெரும்பாலும் கடைசியில்தான் வைப்பார்கள். நீங்கள் படிக்கட்டு வரைந்திருப்பீர்கள், அவர்கள் "ஏற முடியாத படிகள்" என்று தலைப்பு வைப்பார்கள். படம் சொன்னதையே எழுத்தும் சொன்னால் இரண்டும் வீண். ரஃபை ஒப்புதலுக்கு அனுப்பும்போதே "தலைப்பில் படி, ஏணி வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா" என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. பைனலில் நிறம் மாற்றச் சொன்னால் மாற்றித் தரலாம். யோசனையையே மாற்றச் சொன்னால் அது புது வேலை, புதுக் கட்டணம். கட்டுரையே கைவிடப்பட்டால் எந்தக் கட்டத்தில் எவ்வளவு தருவார்கள் என்பதைத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

விருது பற்றி. சொசைட்டி ஆஃப் இல்லஸ்ட்ரேட்டர்ஸ் 1901 முதல் இருக்கும் அமெரிக்க ஓவியர் அமைப்பு, ஆண்டுதோறும் போட்டி நடத்துகிறது. அமெரிக்க இதழியல் விருதான புலிட்சரில் 1922 முதல் கேலிச்சித்திரத்துக்கென்று தனிப் பிரிவு இருந்தது. 2020-ல் அதை வாங்கிய பாரி பிளிட், நியூயார்க்கர் அட்டைகளுக்காகப் பேர் போனவர். 2022-ல் அந்தப் பிரிவின் பெயரையே விரித்து, சித்திரச் செய்தியையும் கருத்துச் சித்திரத்தையும் சேர்த்துவிட்டார்கள். பொதுவாகப் போட்டி நடுவர்கள் ஒரே அமர்வில் குவியல் குவியலாகப் படங்களைப் பார்க்கிறார்கள், ஒரு படத்துக்குச் சில நொடிகள்தான். எளிமையானது மேலே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நுணுக்கமாக நிரப்பிய நல்ல படங்கள் இதில் அடிபடுகின்றன என்றுதான் நானும் சொல்வேன், மறுக்கவில்லை.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. போட்டி என்ற பெயரில் சில நிறுவனங்கள் லோகோவும் சுவரொட்டியும் இலவசமாகச் சேகரிக்கின்றன. பரிசு ஒருவருக்கு, உரிமை மட்டும் கலந்துகொண்ட எல்லோருடையதும் அவர்களுக்கு. ஏற்கெனவே வெளியான படத்தை அனுப்பச் சொல்லி, பதிப்புரிமையை உங்களிடமே விட்டுவைத்து, தங்கள் தொகுப்பிலும் கண்காட்சியிலும் போட மட்டும் அனுமதி கேட்பதுதான் ஒழுங்கான போட்டி. விதிகளில் "அனுப்பப்படும் அனைத்துப் படைப்புகளின் உரிமையும்" என்று ஒரு வரி தொடங்கினால், மேற்கொண்டு படிக்காமல் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.