ஷெட்யூலர் கையேட்டைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: ஜூரோங் ஈஸ்ட்டில் தொழிற்சாலைக் கருவிகள் தயாரிக்கும் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். லினக்ஸ் 5.10 காலத்தில் எழுதப்பட்ட எங்கள் ஷெட்யூலர் (எந்தப் பணி எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதி) கையேட்டை, 6.12 பதிப்புக்கு மாறும் இவ்வேளையில் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. மொழிப்பிழைகளைத் தவிர வேறு எதைப் பார்ப்பது?

பதில்: மொழிப்பிழைகளைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். இத்தகைய கையேடுகளில் அப்பட்டமான தவறு குறைவு. எழுதிய நாளில் முழு உண்மையாக இருந்து, கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மாறிய பின் பாதி உண்மையாகிவிட்ட வாக்கியங்களே படிப்பவரை ஏமாற்றும்.

உங்கள் இரு பதிப்புகளுக்கும் இடையில்தான் பெரிய மாற்றம் நடந்தது. 2007-இல் 2.6.23 பதிப்பில் வந்த சி.எஃப்.எஸ். என்ற ஷெட்யூலர் முறையின் இடத்தை, 2023-இல் 6.6 பதிப்பிலிருந்து ஈ.ஈ.வி.டி.எஃப். என்ற புதிய முறை பிடித்தது. மிகக் குறைந்த மெய்நிகர் ஓட்டநேரம் (முன்னுரிமைக்கேற்பத் திருத்திக் கணக்கிட்ட ஓடிய நேரம்) உள்ள பணியே அடுத்து ஓடும் என்று கையேடு சொல்லக்கூடும். அந்தக் கணக்கு இன்றும் வைக்கப்படுகிறது. ஆனால், தன் பங்குக்கு மேல் ஓடிவிடாத பணிகளை முதலில் பிரித்து, அவற்றுள் மெய்நிகர் கெடு (தன் நேரப்பங்கை முடிக்கக் கணக்கிட்ட கெடு) எதற்கு முந்துகிறதோ அதையே புதிய முறை தேர்ந்தெடுக்கிறது. ஆகவே பெயரை மட்டும் மாற்றினால் போதாது. (மூலநிரல் கோப்பு இன்றும் ஃபேர்.சி என்ற பழைய பெயரிலேயே இருப்பது வேறு குழப்பம்.)

ஷெட்-லேட்டன்சி (காத்திருக்கும் பணிகள் எல்லாம் ஒரு முறை ஓடுவதற்கான இலக்கு நேரம்) அளவைச் சிஸ்சிடிஎல் (கெர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை) வழியாக மாற்றச் சொல்லும் பகுதி இருந்தால் நீக்கிவிடுங்கள். 5.13-இல் அது டீபக் (பிழைதேடலுக்கான) கோப்பகத்துக்குப் போனது, 6.6-இல் அறவே மறைந்தது.

நைஸ் மதிப்பை (பணியின் முன்னுரிமையைக் குறிக்கும் எண்; எண் கூடினால் முன்னுரிமை குறையும்) பற்றிய பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நைஸ் 0-இன் எடை 1024, நைஸ் 5-இன் எடை 335. எனவே இரண்டும் போட்டியிட்டால் நேரம் ஏறக்குறைய முக்கால், கால் எனப் பிரியும் என்பது சரியே. ஆனால் இரண்டு முடிவிலா லூப்களை ஓட்டி, பணிகளின் செயலிப் பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளையில் பாருங்கள்: பல கோர் உள்ள கணினியில் இரண்டுமே நூறு விழுக்காடு காட்டும். டாஸ்க்செட் கட்டளை கொண்டு இரண்டையும் ஒரே கோரில் கட்டினாலும், அவை வெவ்வேறு டெர்மினல்களில் தொடங்கப்பட்டு, ஒவ்வொரு டெர்மினலின் பணிகளையும் தனிக் குழுவாக்கும் ஆட்டோகுரூப் செயலில் இருந்தால், பாதிக்குப் பாதியாகவே பிரியும். ஏனெனில் அப்போது நைஸ் ஒரே குழுவுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஒரே டெர்மினலில் தொடங்கிப் பார்த்தால் அந்த முக்கால், கால் கணக்கு கிடைக்கும். கையேடு இந்த நிபந்தனைகளைச் சொல்கிறதா என்று பாருங்கள்; சொல்லாவிட்டால், எண்கள் சரியாக இருந்தாலும் அந்தப் பத்தியைத் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக, 6.12-இல் ஷெட்-எக்ஸ்ட் என்ற வசதி வழியாக வெளியிலிருந்தும் ஒரு ஷெட்யூலரை ஏற்றலாம். உங்கள் கருவியில் யாரேனும் அப்படி ஏற்றியிருந்தால் மேற்சொன்ன விளக்கங்கள் பொருந்தாமல் போகலாம் என்பதால், திருத்தத் தொடங்குமுன் அதை உங்கள் கெர்னல் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.