அப்பாவுக்குப் பயம், தம்பிக்கு நம்பிக்கை: யார் பக்கம் நிற்பது?

கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். இரவு சாப்பிட இருந்தவுடன் "போதைப்பொருள் ஒரு பக்கம், வெளிநாட்டு ஆசை ஒரு பக்கம், இந்தச் சமூகம் அழிஞ்சு போச்சு" என்று தொடங்குவாராம், தம்பி "எல்லாம் சரிவரும் அப்பா" என்பாராம், பிட்டு ஆறும் வரைக்கும் சண்டை. யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

தீர்ப்புச் சொல்லி இந்தச் சண்டையை முடிக்க ஏலாது, தங்கச்சி. எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ அதுதான் அடிக்கடி நடக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இலேயே இதைக் காட்டினார்கள். உங்கள் அப்பா வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகமும், யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் சைக்கிளில் சாமானைக் கட்டிக்கொண்டு சனத்துக்குள் அடி அடியாக நகர்ந்ததும்தான். தம்பிக்கு நினைவு தெரிந்தபோது நூலகம் திறந்திருந்தது, 2014இல் யாழ்தேவி ரயிலும் திரும்பி வந்துவிட்டது. ஒரே வீடு, ஆனால் வளர்ந்தது இரண்டு ஊரில்.

ஆனால் அதே பாலத்தைக் கடந்தவர்களிலும் சிலர், 1996இல் திரும்பி வந்து, கூரை இல்லாத வீட்டுக்குப் பக்கத்தில் முதல் வேலையாகக் கத்தரி நட்டார்கள். இதற்கு உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கெட்டது நடந்தால் "எப்பவும் இப்படித்தான், எல்லாமே இப்படித்தான்" என்பவர் சோர்ந்து போவார், "இது இந்த இடத்தில், இந்த முறை" என்பவர் எழும்பிவிடுவார். இந்தப் பழக்கத்தை மாற்றலாம்.

ஆகவே "சமூகம்" என்ற பெரிய சொல்லைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்க விடாதீர்கள். "எங்கட ஒழுங்கையில ஆரை நினைச்சுச் சொல்லுறியள் அப்பா?" என்று கேளுங்கள். ஒரு பெடியனின் பெயர் வரும், அவன் பள்ளிக்கூடத்தை விட்ட கதை வரும். அவனைச் சனசமூக நிலையத்துக்குக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் கணக்குச் சொல்லிக்கொடுக்க அப்பாவால் முடியும். கையில் வேலை வந்தால் பயத்துக்கு ஒரு அளவு வரும். தம்பியிடமும் சொல்லுங்கள், "சரிவரும்" என்ற சொல் அப்பாவின் காதில் "உங்கட கதை எனக்குத் தேவையில்லை" என்றுதான் விழுகிறது. அந்தப் பெடியனைப் படலையடியில் போய்க் கூட்டிக்கொண்டு வரும் வேலையைத் தம்பி எடுக்கட்டும்.

அப்பாவுக்கு வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடும் குறைகிறது என்றால் இது வேறு விஷயம். தள்ளிப்போடாமல் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள், தம்பியும் கூடப் போகட்டும்.