வகுக்க முடியாத எடை

அன்புள்ள அக்கா,

எனக்கு 29 வயது. உயரம் 158 செ.மீ., எடை 44 கிலோ. பள்ளி நாள்களிலிருந்தே இப்படித்தான். நன்றாகச் சாப்பிடுகிறேன், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. டிரெட்மில்லில் ஓடவிட்டுச் செய்த சோதனையிலும் 'நன்று' என்றுதான் வந்தது. ஆனால் 12 கிலோ மகளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினால் பேச்சு வரவில்லை. 69 கிலோ எடையுள்ள என் தோழி அவளைத் தூக்கிக்கொண்டு பேசியபடியே ஏறுகிறாள். என் உடம்பு சக்தியை வீணாக்குகிறதா? உடற்பயிற்சி செய்தால் இருப்பதும் கரைந்து காணாமல் போய்விடுவேனோ என்று பயம். செய்வதென்றால் காலையா, மாலையா?

அன்புள்ள தங்கைக்கு,

காலையா மாலையா என்பது உங்கள் வசதி. வீணாக்குகிறதா என்றால், இல்லை. எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் யாருடைய தசையும் வேலையாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். ஒல்லி, பருமன் என்று அதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

அந்த 'நன்று' இருக்கிறதே, அதன்மேல் எனக்குப் பழைய கோபம். நானும் அப்போது 42 கிலோதான். முகமூடி மாட்டி ஓடவிட்டு, தாளில் 38 என்று அச்சடித்துத் தந்தார்கள். உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 38 மில்லிலிட்டர். 'பிரமாதம்' என்றார் டாக்டர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நிமிடத்துக்கு மொத்தம் 1.6 லிட்டர் என்று இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, நானும்தான். 1920களில் ஏ.வி. ஹில் என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஓடுகிறவர்களின் மூச்சைப் பையில் பிடித்து அளந்தபோது, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்றுதான் கணக்குச் சொன்னார். இதயமும் ரத்தமும் தசையும் சேர்ந்து மொத்தமாக எவ்வளவு தர முடியும் என்பது அந்த லிட்டரில்தான் தெரியும். அதை 42ஆல் வகுத்தால் எண் பெரிதாகத்தானே வரும்!

அதே வாரம் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். முதல் நாள் என் முழங்கால் நடுங்கியது, காதுக்குள் இதயம் அடித்தது. அவரைப் பாதியில் விட்டுவிடுவேனோ என்று பயந்தேன். அம்மாவின் எடையை யாரும் என் எடையால் வகுத்துத் தரவில்லை.

உங்கள் மகளும் அப்படித்தான். உங்கள் எடையில் அவள் கால் பங்குக்கும் மேல், தோழியின் எடையில் ஆறில் ஒரு பங்கு. வெறுங்கையோடு ஏறினால் இருவருக்கும் ஒரே சிரமம் என்றே வைத்துக்கொள்வோம். குழந்தை இடுப்பில் ஏறியதும் உங்கள் கையிருப்பில்தான் பெரிய பங்கு போகும். சைக்கிளின் பளு, தண்ணீர்க் குடம், பெட்டி என்று வெளியிலிருந்து வரும் எந்தப் பாரமும் நம் மெலிவைப் பார்த்துக் குறைந்துகொள்வதில்லை.

சரி, 'காணாமல் போய்விடுவேன்' என்று எழுதினீர்களே, படித்ததும் கோபம்தான் வந்தது. உங்கள் எடைக்கு அரை மணி நேர வேகநடையில் ஏறக்குறைய நூறு கலோரிதான் செலவாகும். இதற்குப் பயந்தா இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தீர்கள்? 'உனக்கெதற்கு உடற்பயிற்சி' என்று ஊரில் சொன்னால் நீங்களும் நம்பிவிடுவதா? அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடுங்கள், முடிந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வாங்க நடங்கள், இரண்டு நாள் பளு தூக்குங்கள். தசை கூடினால்தான் அந்த லிட்டரைச் செலவழிக்க இடம் கிடைக்கும்.

அதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பாருங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. மூச்சு வாங்குவதை 'ஒல்லி, அதனால்தான்' என்று தள்ளிவிடாதீர்கள். எடை புதிதாக இறங்கினாலோ, மாதவிலக்கு தவறினாலோ அது உடல்வாகு அல்ல, டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

அம்மா இரண்டு வருடம் அப்படி இருந்தார். நான் முதலில் மாடிப்படியில் வெறுங்கையோடு ஏறினேன், அப்புறம் இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில்களோடு. என் எடை ஒன்றரை கிலோதான் கூடியது. கடைசி மாதங்களில் அவரைத் தூக்கி உட்கார வைத்த கையோடு, பேசிக்கொண்டே தலை வாரிவிட முடிந்தது.