சீனச் சட்டவாதம் என்பது கடுந்தண்டனை மட்டும்தானா?

சட்டவாதம் என்பது சட்டத்தைக் கொண்டே நாட்டை ஆள வேண்டும் என்ற பண்டைச் சீன அரசியல் சிந்தனை. தண்டனை அதன் ஒரு பாதிதான், மறுபாதி வெகுமதி. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அன்றைய சீன நாடுகளுள் ஒன்றான சின் நாட்டின் அமைச்சராக இருந்த ஷாங் யாங், குடும்பங்களை ஐந்தும் பத்துமாகப் பிணைத்து, ஒருவரின் குற்றத்தை மறைத்த அண்டை வீட்டாரையும் தண்டிக்கும் முறையைக் கொண்டுவந்தார். போரில் எதிரியின் தலையைக் கொய்து வந்தவருக்கோ, அவர் எளிய உழவராயினும், பட்டமும் நிலமும் கிடைத்தன. பிறப்பால் வந்த உயர்வை இது அசைத்தது என்பதே, என் பார்வையில், தண்டனைகளைவிடப் பெரிய செய்தி. இளவரசன் சட்டத்தை மீறியபோது அவனுடைய ஆசிரியர்கள் தண்டிக்கப்பட்டனர். அந்த இளவரசன் கி.மு. 338இல் அரசனானதும் ஷாங் யாங் தப்பியோட நேர்ந்தது. அடையாளச் சான்று இல்லாதவரைத் தங்கவைக்கக் கூடாது என்ற அவருடைய சட்டத்தையே காட்டி விடுதிக்காரர் அவரைத் திருப்பியனுப்பியதாக வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதுகிறார். ஷாங் யாங் கொல்லப்பட்டார், ஆனால் அவருடைய சட்டங்களைச் சின் அரசு கைவிடவில்லை.